முதல் நாள் குரல்

"பாப்பா சாப்பிட்டாளா?" என்று ஜெரோன் கேட்டுக்கொண்டிருக்கும்போதே பெனிட்டாவின் இயர்போன் செத்துப்போனது. வலது பக்கம் போன மாதமே போய்விட்டது. இடது பக்கத்தை வைத்துத்தான் இத்தனை நாளும் ஓட்டிக்கொண்டிருந்தாள். கழற்றிப் பார்த்தாள். தொடுமுனை முழுக்கப் பச்சையாகப் பூத்திருந்தது. தூத்துக்குடிக் காற்றிலேயே உப்பு. போதாததற்கு அவள் வேலை பார்த்தது உப்புப் பொட்டலம் போடும் ஆலையில். இரும்புக் கதவே இரண்டு வருடம் தாங்காத இடத்தில் இந்தக் கடலை அளவு சாமான் எத்தனை நாள் தாங்கும்?

அது கம்பெனி இலவசமாகக் கொடுத்தது. பெயர் 'இன்குரல்'. அவள் கணவன் ஜெரோன் வேலை பார்த்த 'ஆழ்வளம்' நிறுவனத்தின் கப்பல் இந்தியப் பெருங்கடலின் நடுவே நின்றுகொண்டு, கடலடியில் கிடக்கும் உலோகக் கட்டிகளை உறிஞ்சி எடுத்து, அங்கேயே காயவைத்துப் பொடியாக்கி அனுப்பும். ஆறு மாதம் என்று சொல்லித்தான் போனான். இப்போது ஒன்பதாவது மாதம். தினமும் மாலை ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் பேசலாம். முகம் பார்க்க முடியாது, குரல் மட்டும்தான். இப்போதைய கைபேசிகளுக்கு வாயும் கிடையாது, காதும் கிடையாது. வெறும் தகடு. இயர்போன் இல்லையென்றால் ஊமை.

மாற்று இயர்போன் வர மூன்று வாரம் ஆகும் என்று கம்பெனியின் குடும்பநலப் பிரிவிலிருந்து பதில் வந்தது. மூன்று வாரம் ஜெரோனின் குரலைக் கேட்காமல் இருக்க முடியாது. ஆன்சியையும் சமாளிக்க முடியாது. ஆறு வயதுப் பிள்ளைக்கு அப்பா என்றால் அந்த ஐந்து மணிக் குரல்தான்.

அடுத்த நாள் ஷிப்ட் முடிந்ததும் பெனிட்டா நேரே ஷமீமாவின் கடைக்குப் போனாள். பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஆள் ஒருக்களித்துத்தான் நுழைய முடிகிற கடை. ஷமீமாவும் அவளும் பத்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்ச்.

"ஆயிரத்து ஐந்நூறுக்குள்ள வேணும். ரெண்டு வருசம் உழைக்கணும். சத்தமும் நல்லா இருக்கணும்" என்றாள் பெனிட்டா.

"கல்யாணத்துக்கு மாப்பிள்ளை கேக்குற மாதிரில்லா கேக்கே" என்று சிரித்துக்கொண்டே ஷமீமா மூன்று பெட்டிகளை எடுத்து மேசையில் வைத்தாள்.

முதலாவது பார்க்கப் பளபளவென்று இருந்தது. ஷமீமா அதை விரல் நகத்தால் நெம்பிக் காட்டினாள். "எல்லாம் பசை. ஒரு தடவை திறந்தா மூட முடியாது. பேட்டரி போனா குப்பையில போட வேண்டியதுதான். உன் ஆலைக்கு மூணு மாசம் தாங்குனா அதிகம்." இரண்டாவதில் ஒயர் இருந்தது. ஆனால் அது சொருகியோடு சேரும் இடத்தை இரண்டு முறை மடக்கியதுமே உள்ளே கம்பி நொறுங்கும் சத்தம் கேட்டது. மூன்றாவது அழகில்லாதது. தடித்த கறுப்பு ஒயர், பித்தளைக் குமிழ்கள், ஓரத்தில் ஊசிமுனை போலத் திருகாணிகள்.

"இது மைக் செட்காரங்க வாங்குறது. ஒயரு போனா ஒயரை மட்டும் மாத்திக்கலாம். பித்தளையை வாரம் ஒருக்கா துணியால துடைச்சா போதும். உன் போன்ல சொருகத் துவாரம் இருக்காது. ஒயரைப் போனோட சேர்க்குற இந்தச் சின்னப் பொட்டியையும் சேர்த்துத் தாரேன்."

"சத்தம்?"

"நான் சொல்லி நம்பாத. உனக்கு மனப்பாடமாத் தெரிஞ்ச ஒண்ணைப் போட்டுக் கேளு."

பாலர் வகுப்பு ஆண்டு விழாவில் ஆன்சி பாடிய பாட்டு பெனிட்டாவிடம் இருந்தது. நூறு தடவையாவது கேட்டிருப்பாள். முதல் இரண்டிலும் அதே பாட்டுத்தான் வந்தது. மூன்றாவதை மாட்டியதும் மேடையில் ஓடிய மின்விசிறி கேட்டது. பிள்ளையின் கண்ணாடி வளையல் மைக்கில் உரசியது கேட்டது. பின்வரிசையில் யாரோ ஒரு பெண் "எம்பிள்ளை அடுத்தது" என்று கிசுகிசுத்ததுகூடக் கேட்டது.

"இதெல்லாம் இத்தனை நாளும் எங்க இருந்துச்சு?" என்றாள்.

"அங்கயேதான் இருந்துச்சு. விலை குறைஞ்ச இயர்போன் எல்லாத்துலயும் இப்போ ஒரு வேலை பண்ணுதாங்க. சின்ன ஸ்பீக்கர், சின்ன பேட்டரி, அதால முழுச் சத்தத்தையும் பாட முடியாது. அதனால என்ன செய்யும்னா, வர்ற பேச்சுலயிருந்து சொல்லை மட்டும் எடுத்துக்கும். இருமல், மூச்சு, சுத்தி இருக்குற சத்தம் எல்லாம் அதுக்குக் குப்பை. தள்ளிரும். மிச்சச் சொல்லை அதுவே ஒரு குரல்ல சொல்லும்."

"யார் குரல்ல?"

"பேசுற ஆளு குரல்லதான். மொத நாள் பேசும்போது ஒரு மாதிரி எடுத்து வெச்சுக்கும். அப்புறம் என்னைக்குப் பேசினாலும் அதே குரல்தான்."

பெனிட்டா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காசைக் கொடுத்தாள், ஒயரைச் சுருட்டிப் பையில் போட்டாள், பேருந்தைப் பிடித்தாள். நடுவழியில், ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான், ஜெரோன் போன முதல் நாள் நினைவுக்கு வந்தது. கப்பலேறிய உற்சாகத்தில் கத்திக் கத்திப் பேசினான். ஒன்பது மாதமாக அவன் அப்படியேதான் பேசிக்கொண்டிருந்தான். ஒரு நாள்கூடச் சோர்ந்ததில்லை. வேலைக்குப் போய்விட்டு வருகிற மனிதன் ஒரு நாள்கூடச் சோர்ந்து பேசாமல் இருப்பானா என்று அவளுக்கு ஏன் தோன்றாமல் போனது?

ஐந்து மணிக்கு அழைப்பு வந்தது.

முதலில் குரல் கேட்கவில்லை. ஏதோ இரும்பை இரும்பு அரைக்கிற சத்தம். அப்புறம் நனைந்த சாக்கைத் தரையில் இழுப்பது போல ஒரு சத்தம். அது மூச்சு என்று புரிந்துகொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"பெனி…" நீண்ட இடைவெளி. "பாப்பா… சாப்பிட்டாளா?"

யாரோ ஒரு கிழவரின் தொண்டை. ஜெரோனுக்கு முப்பத்தாறு வயது.

"ஏங்க, உங்களுக்கு என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்லையே." இருமல் கிளம்பியது. நிற்கவில்லை. பக்கத்தில் இன்னொருவர் இருமினார். அதற்கும் அப்பால் இன்னொருவர். "லேசா சளி. வேற… ஒண்ணும் இல்ல. நீ எதுக்கு இப்படிக் கேக்க?"

"எத்தனை நாளா?"

பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் அவள் அவன் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தாள். ஆன்சி தனக்கும் வேண்டும் என்று ஒயரைப் பிடித்து இழுத்தது. அன்றும் சரி, அதற்குப் பிறகும் சரி, பெனிட்டா கொடுக்கவில்லை.

அவள் தெருவில் ஜெரோனைத் தவிர அதே கப்பலுக்குப் போனவர்கள் ஐந்து பேர். மறுநாள் ஐந்து வீட்டுக்கும் போனாள். நான்கு பெண்கள் ஐந்து மணிக்கு அவள் வீட்டுக்கு வந்து, அந்த இயர்போனை மாட்டிக் கேட்டார்கள்.  ஐந்தாவது வீட்டு முத்துமாரி மட்டும் வாசலை விட்டு இறங்கவில்லை. அவள் புருஷன் சண்முகவேல் பொடியரைக்கும் தளத்திலேயே வேலை.

"எனக்கு வேண்டாம்க்கா" என்றாள் முத்துமாரி. "அந்தப் பத்து நிமிசம் அவிய நல்லா இருக்காவன்னு கேட்டாத்தான் எனக்கு அடுத்த நாள் ஓடும். அதையும் புடுங்காதிய."

"பொய்யை வெச்சுக்கிட்டு என்ன செய்யப் போற?"

"உண்மையை வெச்சுக்கிட்டு நீங்க என்ன செய்யப் போறிய? நடுக்கடலுக்கு நீந்திப் போவியளா?"

 அந்தக் கேள்வி பெனிட்டாவுக்கு முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்ததால்தான் மறுநாள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கம்பெனி அலுவலகத்துக்குப் போனாள்.

குடும்பநலப் பிரிவின் அதிகாரி நிவேதிதா. சென்னைக்காரி. தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, முழுதாகக் கேட்டாள்.

"வெளிச்சந்தை இயர்போன்ல இரைச்சல் அதிகமா இருக்கும்மா. நீங்க கேட்டது அந்த இரைச்சலா இருக்கலாம்."

பெனிட்டா பித்தளைக் குமிழ்களை மேசைமேல் வைத்தாள். "நீங்களே போட்டுக் கேளுங்க. இன்னைக்கு அஞ்சு மணி வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்."

நிவேதிதா அதைத் தொடவில்லை. "கப்பல்ல டாக்டர் இருக்காங்க. எல்லாரும் நல்லா இருக்காங்கன்னு வாராவாரம் அறிக்கை வருது."

"அந்த அறிக்கை எந்தக் குரல்ல வருது மேடம்?"

நிவேதிதாவின் முகம் ஒரு கணம் மாறியது. கணினியைத் திருப்பி ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினாள். "உங்க கோபம் புரியுது. ஆனா நாங்க யாரையும் ஏமாத்தலை. இது உங்க கணவர் கையெழுத்துதானே?"

'என் குடும்பத்தினருக்கு எனது முதல் நாள் குரலே கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன்.' கீழே ஜெரோனின் கையெழுத்து. கடைசி எழுத்தின் வாலை அவன் இழுக்கிற இழுப்பு அவளுக்குத் தெரியாதா? தேதி, போன பிப்ரவரி. நான்கு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு இந்த இருமலை இவளுக்கு மறைத்தது கம்பெனி மட்டும் இல்லை.

அவளுக்குக் காது அடைத்துக்கொண்டது போல இருந்தது. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தாள். நிவேதிதா ஆறுதலாகக் கையை நீட்டினாள். "உங்க மேல இருக்குற பிரியத்துலதான்மா போட்டிருக்கார். நீங்க கவலைப்படக் கூடாதுன்னு."

அந்த ஆறுதல்தான் பெனிட்டாவை நிமிரவைத்தது.

"அவிய கையெழுத்து அவிய குரலுக்கு" என்றாள். "என் காதுக்கு யாரு கையெழுத்துப் போட்டா?"

நிவேதிதா கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நான் போட்டேனா? என் மக போட்டாளா? அவிய பிரியத்தை நான் அவியகிட்ட பேசித் தீர்த்துக்கிடுதேன். நீங்க எங்க ஆம்பளைங்களைக் கரைக்குக் கொண்டு வாங்க."

"அது என் கையில இல்லம்மா." குரல் தாழ்ந்திருந்தது. "இன்னொண்ணு சொல்லிடறேன். கம்பெனி அனுமதி இல்லாத கருவியில பேசினா அழைப்பையே நிறுத்தலாம்னு விதி இருக்கு. பார்த்து நடந்துக்கங்க."

வீட்டுக்கு வரும் வழியில் தாசனின் ஒலிபெருக்கிக் கடை. கோயில் கொடை, சர்ச் திருவிழா, தேர்தல் என்று எதற்கும் அவன்தான் மைக் செட். பெனிட்டா விஷயத்தைச் சொன்னாள். அவன் அந்தச் சின்னப் பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதுல ஒரு ஒயரைப் போட்டு என் பொட்டியில சொருகினா ஊருக்கே கேக்கும்க்கா. அனுமதி?"

"கேட்டா கிடைக்குமா?"

"கிடைக்காது."

"அப்போ கேக்க வேண்டாம்."

வெள்ளிக்கிழமை மாலை நாலே முக்காலுக்கு ஆழ்வளம் அலுவலக வாசலில் தாசனின் ஆட்டோ நின்றது. கூரையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர். மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு பெனிட்டாவும், அந்த நான்கு பெண்களும் தரையில் உட்கார்ந்தார்கள். பள்ளி விட்டுப் போன பிள்ளைகள் நின்றார்கள். பேருந்துக்குக் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். காவலாளி உள்ளே ஓடினான். நிவேதிதா வெளியே வந்தாள். அவளோடு கழுத்துப்பட்டை கட்டிய ஒருவரும் வந்தார்.

"ஸ்பீக்கரைக் கழட்டச் சொல்லுங்க. இல்லேன்னா இப்பவே லைனைக் கட் பண்ணிடுவோம்" என்றார் அவர்.

பெனிட்டா உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. "கட் பண்ணுங்க சார். நீங்க கட் பண்ணுறதும் இதே ஸ்பீக்கர்லதான் எல்லாருக்கும் கேக்கும்."

அவர் கூட்டத்தைப் பார்த்தார். அது பெருகிக்கொண்டே இருந்தது. கைபேசித் தகடுகள் உயர்ந்திருந்தன. ஐந்து மணி ஆயிற்று.

சாலையின் இரைச்சலுக்கு மேல் அந்த மூச்சு எழுந்தது. இரண்டு குழாய்களிலிருந்தும், தெரு முழுக்க. ஒரு பஸ் டிரைவர் என்ஜினை அணைத்தார்.

"பெனி…"

"ஏங்க, மொதல்ல நான் சொல்லுததைக் கேளுங்க. நான் உங்களை ஒயர் போட்ட இயர்போன்ல கேட்டுட்டேன். நீங்க கையெழுத்துப் போட்டதும் தெரியும். இப்போ கம்பெனி வாசல்ல ஸ்பீக்கர்ல பேசுதோம். நீங்க பேசுறது தெருவுக்கே கேக்கும். வேண்டாம்னா சொல்லுங்க, இப்பவே நிறுத்திருதேன்."

மூச்சு மட்டும். இரும்பு அரைபடும் சத்தம்.  அவன் கோபித்துக்கொண்டு வைத்துவிட்டால் அத்தோடு எல்லாம் முடிந்தது. கூட வந்த நான்கு பேரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கேக்கட்டும்" என்றான் ஜெரோன்.

பிறகு சொன்னான். விட்டு விட்டு, இருமி இருமிச் சொன்னான். முகமூடிக்குள் வைக்கும் வடிகட்டி ஐந்து மாதமாக வரவில்லை. பழையதையே தட்டித் தட்டிப் போட்டுக்கொள்கிறார்கள். நாற்பது பேரில் பத்தொன்பது பேருக்கு இதே இருமல். டாக்டர் என்று ஒருவர் இருந்தார், போன தடவை வந்த சரக்குக் கப்பலில் ஏறிப் போய்விட்டார். சண்முகவேல் மூன்று நாளாக எழுந்திருக்கவில்லை.

கூட்டத்தின் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. பெனிட்டா திரும்பினாள். முத்துமாரி நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ. ஒருவரையும் பார்க்காமல் ஆட்களை விலக்கிக்கொண்டு நேரே வந்தாள், மைக்கைப் பிடுங்கினாள்.

"அண்ணே, அவியள கூப்பிடுங்க. படுத்திருந்தாலும் பரவால்ல. போனைக் காதுகிட்ட வைங்க."

சண்முகவேலால் ஒரு சொல்லும் பேச முடியவில்லை. இன்குரல் இயர்போனில் அது வெறும் மௌனமாகத்தான் கேட்டிருக்கும். மூன்று நாளாக அவளுக்கு அழைப்பு வந்தபோதெல்லாம் 'இணைப்புக் கோளாறு' என்றுதான் அறிவிப்பு வந்ததாம். இன்று அவன் மூச்சு இழுக்கும் சத்தம் தெரு முழுவதும் கேட்டது. முத்துமாரி மைக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கழுத்துப்பட்டைக்காரரைப் பார்த்தாள்.

"இப்ப கட் பண்ணுங்க, பாப்போம்" என்றாள்.

யாரும் கட் பண்ணவில்லை. நிவேதிதா படியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் காதில் இருந்த சின்ன வெள்ளை இன்குரல் பொத்தானை அவளே கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

அன்று பதிவானது ஊர் ஊராகப் போனது. ஒன்பதாம் நாள் கடலோரக் காவல் கப்பல்கள் பத்தொன்பது பேரைக் கரைக்குக் கொண்டுவந்தன. சண்முகவேல் பிழைத்தான். ஆனால் ஆக்சிஜன் உருளையை விட்டு நகர முடியாது. ஜெரோனின் நுரையீரலில் பாதிதான் மிச்சம் என்றார் மருத்துவர். தொண்டை இனிப் பழையபடி ஆகாது. இன்னும் இரண்டு மாதம் தாமதித்திருந்தால் கொண்டு வந்திருக்கவே வேண்டாம் என்றும் சொன்னார்.

விசாரணைக் குழு கூடியபோது கம்பெனியின் வழக்கறிஞர் பெனிட்டாவிடம் மென்மையாகக் கேட்டார்: "இந்தக் கருவி இருந்தவரை நீங்கள் நிம்மதியாக இருந்தீர்கள், இல்லையா?"

"இருந்தேன் சார். ஆனா அது என் நிம்மதி இல்ல. உங்க கம்பெனியோட நிம்மதி. என் காதுல வெச்சிருந்திய."

ஜெரோனிடம் சண்டை பாக்கி இருந்தது. மருத்துவமனையிலிருந்து வந்த அன்றே போட்டாள். ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டபோது அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு, "நீ அழுதா… அங்க இருந்து நான் என்ன செய்ய முடியும்?" என்றான். "நான் அழுதா அழுதுட்டுப் போறேன். அழ விடாம வெச்சிருக்க நீங்க யாரு?" என்றாள். அவனுக்குத் திருப்பிச் சண்டை போட மூச்சில்லை. அது தெரிந்ததும் அவளும் நிறுத்திவிட்டாள். சோறு போட்டாள்.

யாருமே எதிர்பார்க்காதது ஒன்றுதான். ஆன்சி அவனிடம் போகவில்லை.

முகம் அப்பா முகம்தான், மெலிந்திருந்தாலும். ஆனால் வாயைத் திறந்ததும் பிள்ளை பின்வாங்கியது. "இது எங்க அப்பா இல்ல. எங்க அப்பா இப்படிப் பேச மாட்டாவ" என்று கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. ஒன்பது மாதமாகத் தினமும் கேட்ட குரல் அதற்குத் தெரியாதா?  ஜெரோன் அன்றிலிருந்து பிள்ளை வீட்டில் இருக்கும் நேரம் பேசுவதையே விட்டுவிட்டான். தண்ணீர் வேண்டுமென்றால் கையைக் காட்டினான்.

ஒரு வாரம் பொறுத்தாள் பெனிட்டா. அப்புறம் அவன் எதிரில் வந்து நின்றாள்.

"வாயைத் திறங்க. அவ பயந்தா பயப்படட்டும். இந்த வீட்டுல இனி யாரும் யாருக்காகவும் ஊமையா இருக்கக் கூடாது."

ஞாயிற்றுக்கிழமை காலை. ஆன்சி தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தது. ஜெரோன் நாற்காலியில் உட்கார்ந்தபடி, யாரிடமோ சொல்வது போல, ஒரு திமிங்கலம் கப்பலை உரசிக்கொண்டு போன கதையைச் சொல்ல ஆரம்பித்தான். நாலு சொல்லுக்கு ஒரு தடவை நின்றான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். மறுபடி தொடங்கினான். பெனிட்டா அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். போய் உதவவில்லை.

கிரேயான் நின்றது. கொஞ்ச நேரத்தில் பிள்ளை நகர்ந்து நகர்ந்து நாற்காலிக்குப் பக்கத்தில் வந்தது.

"ஏன் நடுவுல நடுவுல நிறுத்துதிய?"

"மூச்சு… வாங்குது பாப்பா."

ஆன்சி யோசித்தது. பிறகு அவன் காலடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முகத்தைக் கையில் தாங்கிக்கொண்டது.

"சரி, மெதுவா வாங்கிட்டுச் சொல்லுங்க" என்றது. "நான் இங்கதான் இருக்கேன்."